வேகம் இருக்கட்டும், பிரேக் எங்கே?

ராஜ்தூத் 350ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் சாலைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350தான் இந்திய வேஷத்தில் வந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், ஆறு கியர். புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் பழகியிருந்த நாட்டுக்கு அதன் வேகம் ஓர் அதிர்ச்சி. அது குடித்த பெட்ரோல் இன்னோர் அதிர்ச்சி. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. அபிமானிகள்தான் இன்னும் குறையவில்லை.

ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவுக்குக் கிடைத்ததோ டிரம் பிரேக். எனவே, பழைய ராஜ்தூத்தை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போடும் பலருக்கு முதல் ஆசை டிஸ்க் பிரேக் மாட்டுவது.

ஆசையில் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரியும்; பிடி தளரும். டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறிவிடும். வேறு வண்டியின் சக்கரத்தையும் டிஸ்க்கையும் தில்லி கரோல்பாகிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் காலிப்பரை ஃபோர்க்குடன் இணைக்கும் பிராக்கெட்டை அந்தந்த வண்டிக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். உள்ளங்கை அளவுத் துண்டு. விவகாரமே அதில்தான்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்து தகரம். அதன் பிறகே தடித்த தகடு. சக்கர அச்சுக்கான புஷ்ஷை லேத் பட்டறையில் கடையும்போது அரை மில்லிமீட்டர் பிசகினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் உரசும். தலையில் 8.8 என்று பொறித்த உறுதியான போல்ட் வேண்டும். வீட்டு கேட்டுக்குப் போடும் போல்ட் உதவாது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி வார்ப்பு அலுமினியம். தெருமுனைப் பட்டறையில் அதன்மேல் வெல்டிங் வைத்தால் வெளியே ஒட்டியதுபோல் தெரியும், உள்ளே விரிசல் இருக்கும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது காலிப்பர் மீது வரும் விசை முழுவதையும் பிராக்கெட்தான் தாங்குகிறது. அது பிய்ந்தால் காலிப்பர் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஓட்டுபவர் வண்டியில் இருக்க மாட்டார்.

இதை யார் சோதிப்பது? புகைச் சான்றிதழ் தருபவர் புகையை மட்டும் பார்க்கிறார். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

காதைக் கிழிக்கும் சைலன்சர்களை நினைத்தால் கடுமை தேவைதான். ஆனால் ஊரை எழுப்பும் சைலன்சரையும் உயிரைக் காக்கும் பிரேக்கையும் சட்டம் ஒரே பெயரில்தான் அழைக்கிறது: 'மாற்றம்'. ஜெர்மனியில் மாற்றியமைத்த வண்டியை நிபுணர் சோதிக்கிறார். திருப்தியானால் வண்டியின் ஆவணத்தில் மாற்றம் பதிவாகிறது. இங்கே அப்படி ஒரு சாளரம் எளிதில் திறப்பதில்லை. கவனமாகச் செய்தவரும் அரைகுறையாக ஒட்டவைத்தவரும் அதிகாரியின் கண்ணில் படாமல் ஒரே சாலையில் போகிறார்கள். யாருடைய பிராக்கெட் தாங்கும் என்பது முதல் அவசரப் பிரேக்கில்தான் தெரிகிறது.