‘யாரும் சாகவில்லை’ என்பது பதில் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் எங்கள் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஸ்டேஷனான கவரைப்பேட்டையில், மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு விழுந்திருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, பார்சல் வண்டி எரிந்தது. பத்தொன்பது பேருக்குக் காயம். உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்ததும் பேச்சும் அடங்கிவிட்டது. வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை முடிவு சொல்வதாக மறு ஆண்டு செய்தி வந்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில்கூட அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

செத்தால்தான் கணக்கு என்கிற இந்த மனப்போக்கு விமானப் போக்குவரத்திலும் ஊறிக் கிடக்கிறது. அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

2022 ஜனவரி 7 காலை பெங்களூரு விமான நிலையத்தில் நடந்ததை வாசகர்கள் பலர் மறந்திருக்கலாம். அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள். அன்று ஒன்றில் விமானங்கள் ஏறுவதும் மற்றதில் இறங்குவதுமாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் வடக்கு ஓடுபாதைக்கே மாற்ற ஷிப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்தார். அந்த முடிவு தெற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்ச் சேரவில்லை. விளைவு, கொல்கத்தா செல்லும் இண்டிகோ விமானத்துக்கு ஒரு கோபுரமும், புவனேஸ்வர் செல்லும் இண்டிகோ விமானத்துக்கு இன்னொரு கோபுரமும் ஒரே நேரத்தில் புறப்பட அனுமதி கொடுத்தன. இரண்டும் ஒரே திசையில் எழும்பி ஒன்றையொன்று நெருங்கின. ரேடாரைக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் பார்த்துவிட்டு இரண்டையும் விலகித் திருப்பினார். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

என்னைக் கொதிக்க வைப்பது அதற்குப் பிறகு நடந்தது. அந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. விமான நிலைய ஆணையமும் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. பத்து நாளுக்கு மேல் கழித்துத்தான் செய்தியே வெளியே வந்தது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சேஃப்டி பிரிவில் இருப்பவன். கிரேன் கொக்கியிலிருந்து ஒரு இரும்புத் துண்டு நழுவி, ஆள் இல்லாத இடத்தில் விழுந்தாலும் நாங்கள் ‘நியர் மிஸ்’ அட்டை நிரப்பியாக வேண்டும். எந்த ஷிப்ட், யார் கிரேனில், சங்கிலியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, அந்த ஆள் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலையில் இருந்தார், எல்லாம் அதில் வர வேண்டும். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதைப் படித்த பிறகே வேலை தொடங்கும். சாதாரண உருக்காலைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, நூற்றுக்கணக்கானவர்களைச் சுமந்து பறக்கும் விமானங்களை நடத்துகிற இடத்தில் இல்லாமல் போனால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

விமானங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி ஒன்றும் பெரிதல்ல. மேலும் கீழுமாக ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர். விமான நிலையத்தை நெருங்கும்போது பக்கவாட்டில் மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடுகிற தூரம். இறங்கும் வேகத்தில் உள்ள விமானம் அதை ஒன்றேகால் நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஒன்றேகால் நிமிடத்தில் தவறைக் கண்டுபிடிக்க வேண்டியவர் தூக்கம் கெட்ட மனிதராக இருக்கக் கூடாது.

நம் நாட்டில் நடப்பது என்ன? 2023 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு விஸ்தாரா விமானம் ஓடுபாதையைக் கடக்க, இன்னொன்றுக்குப் புறப்பட அனுமதி தரப்பட்டது. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் எழும்பி முடிப்பதற்குள் அதே ஓடுபாதையில் இண்டிகோ இறங்கியது. இரண்டு முறையும் சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். தவறு செய்தவரை விசாரிப்பது சரிதான். ஆனால் அவரை அந்த நாற்காலியில் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா? கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் களைப்பையும் போக்குவரத்துத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்ட் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. பணிநேர வரம்பிலிருந்து விமான நிலைய ஆணையத்துக்கு விலக்கு தரப்பட்டிருப்பதையும் அதே அறிக்கை கண்டித்தது. களைப்பைத் தடுக்கப் போட்ட விதிக்கே விலக்கு என்றால் அந்த விதி எதற்கு?

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜக் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தைவிடக் கீழே இறங்கியதே காரணம் என்றது நீதிபதி லஹோட்டி விசாரணை. ஆனால் டெல்லிக்கு வரவும் போகவும் அப்போது ஒரே வழிதான். கட்டுப்பாட்டாளரின் ரேடாரில் விமானத்தின் உயரமும் தெரியாது. அதற்குப் பிறகுதான் தனித்தனி வழி, உயரம் காட்டும் ரேடார், விமானத்தில் மோதல் தவிர்ப்புக் கருவி எல்லாம் வந்தன. இன்னொரு முறை அந்த விலையைக் கொடுத்துத்தான் அடுத்த சீர்திருத்தம் வர வேண்டுமா?

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி புறப்பட்டு மீனம்பாக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்ட ஏர் இந்தியா விமானம், இறங்க வந்து மறுபடி மேலே எழும்பியது. ஓடுபாதையில் வேறு விமானம் நின்றது என்றார் அதில் பயணித்த எம்.பி. கே.சி. வேணுகோபால். இல்லை என்றது ஏர் இந்தியா. நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், சிப்காட்டிலிருந்து வேலை விஷயமாகப் பறக்கும் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய் உண்மையைக் கேட்பது?

விமானங்கள் இடைவெளி தவறி நெருங்கிய ஒவ்வொரு சம்பவத்தின் விசாரணை அறிக்கையையும் குறித்த காலத்துக்குள் வெளியிட வேண்டும். பணிநேர விலக்கை ரத்து செய்ய வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். தன் பிழையைத் தானே முன்வந்து தெரிவிக்கும் கட்டுப்பாட்டாளரைத் தண்டிக்கக் கூடாது. எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சசிகாந்த் செந்தில் இந்த நான்கையும் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடுவிடம் அவையிலேயே கேட்டு, எழுத்துபூர்வமான பதிலைப் பெற்றுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
சிப்காட் ஊழியர் ஒருவர்,
கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.