விலை சொன்னது விற்றவரா?

"நாணய விவரம் தெரிந்துவைத்திருப்பது என் உழைப்பு. விற்றவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். இதில் ஏமாற்று எங்கே?" சல்லிசாக நாணயம் சேர்ப்பவர்கள் பலரின் வாதம் இது.

ஒன்று: விற்பவர் நாணய வியாபாரி என்றால் வாதம் சரி, விவரம் தெரிந்திருப்பது அவர் தொழில். பாட்டியின் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டுபவரும் வியாபாரியா?

இரண்டு: வாங்குபவர் வாய்மூடி இருப்பதில்லை. 1911-ஆம் வருட வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அச்சடித்ததில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. மிஞ்சியதற்கு அதனால்தான் கிராக்கி. அதைக் கையில் உருட்டிக்கொண்டே, "தேய்ஞ்சுபோச்சேம்மா, வெள்ளி விலைதான் தேறும்" என்கிறார். இதற்குப் பெயர் உழைப்பா? பச்சைப் பொய்.

மூன்று: "ஐம்பது ரூபாய்ச் செப்புக்காசுதானே?" அது கரூர் அமராவதி மணலில் சலித்ததா, யாரோ வயலில் தோண்டியதா என்று கேட்டீர்களா? கேட்டால் பேரம் கெடும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறும் புதையலையே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பேரம் பேசுங்கள், தப்பில்லை. விவரம் தெரியாதவரிடம் மட்டும் சந்தை விலையைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.