ஊர்ப்பெயரும் அயலெழுத்தும்

காளைக்குப் பெயர்பெற்ற காங்கேயத்தைத் தமிழில் எழுதப் பணித்தால் பள்ளிச் சிறுவனும் பிழையின்றி எழுதுவான். அதனையே உரோமன் எழுத்தில் எழுதப் பணித்தால் கற்றவரே இரு கூறாய்ப் பிரிவர். 'கே' என்னும் ஒலிக்கு ஒருவர் 'ஏ' எழுத்தை இடுகிறார். மற்றவர் 'ஈ' எழுத்தை இடுகிறார். இரண்டும் இன்று வழக்கில் உலவுகின்றன. பெயர்ப்பலகையில் இஃது இழுக்கு. கணிப்பொறியிலோ இது பெருங்கேடு!

நூறு வழங்கிகளை ஒரே கட்டளைத் தொகுப்பால் ஆளும் முறை இன்று பரவியுள்ளது. அத்தொகுப்புப் பெயரைக் கொண்டே பொறியை அறிகிறது. இரு வடிவும் ஓரூரே என மாந்தன் உணர்வான், பொறி உணருமோ? ஓரெழுத்து மாறினும் அதற்கு அது வேறு பொறியே. காங்கேயத்துக் கிளைக்கென எழுதிய பாதுகாப்புத் திருத்தம் காங்கேயத்தைச் சேராது. அவ்வழங்கி பூட்டாத வீடாய்க் கிடக்கும்.

தமிழெழுத்தைப் பொறி ஏலாது என்பார் உளர். வழங்கிப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இணைகோடுமே வரலாம் என 1985-இல் அமெரிக்காவில் வரையறுத்தது மெய்யே. ஆயின், பிறமொழிப் பெயர்களை அவ்வெழுத்துகளாலேயே குறிக்கும் 'பியூனிகோடு' முறை 2003-இல் வந்துவிட்டது. அதன் வழியே 2010-இல் 'இலங்கை'யும், 2011-இல் 'இந்தியா'வும் 'சிங்கப்பூ'ரும் தமிழ் ஈறுகளாய் இணையத்தில் ஏறின. தமிழால் இயலாது என்றவர் வாய் அன்றே அடைபட்டிருக்க வேண்டுமன்றோ?

2020-இல் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்ற முனைந்தது. சில நாள்களிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. நோக்கம் நன்று, ஆனால் நோய் ஓரிடத்திருக்க மருந்து வேறிடத்தில் பூசப்பட்டது. எகர ஏகார வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் அந்த 26 எழுத்துகளுள் அடங்குமோ?

செய்யத்தக்கது ஒன்றே. ஊர்ப்பெயர்கள் தமிழில், ஒரே பட்டியலில், ஒரே முறை எழுதப்பெறல் வேண்டும். பொறி கேட்கும் அயல்வடிவத்தை அப்பட்டியலினின்று ஒரே நெறியால் பொறியே ஆக்கிக்கொள்ளட்டும். கட்டளைத் தொகுப்பினுள் எவரும் தம் விருப்பம்போல் பெயரெழுதுதல் கூடாது. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. தன்மதிப்பு ஒன்றே போதும்.

கோவையிலும் திருப்பூரிலும் கணிப்பொறித் தொழில் புரியும் தமிழிளைஞரே! தன் மாட்டை அயலான் இட்ட பெயரால் அழைக்கும் உழவன் கொங்கில் உண்டோ? தன் ஊரை மட்டும் அயலெழுத்துக்கு ஒப்புவிப்பதேன்? மூலத்தைத் தமிழில் எழுதுமின்! பொறி பின்தொடரும்!