இட்லிக் கடை வாழட்டும்!

ஓமலூர், சேலம்–தர்மபுரி சாலையில் உள்ள ஊர். மேட்டூர் அணைக்குப் போகும் ரெயில் பாதை இங்குதான் பிரிகிறது. வந்து போகிறவர்கள் ஏராளம்.

எல்லோராலும் பெரிய ஓட்டலுக்குப் போக முடியுமா? கூலி ஆட்களுக்குச் சின்ன இட்லிக் கடைதான் கதி. "அண்ணே, இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்றால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

அடுப்புச் செலவு

வீட்டுக்கு வரும் கியாஸ் சிலிண்டர் 14.2 கிலோ. அதைக் கடையில் எரிக்கக் கூடாது. கடைக்கு 19 கிலோ சிலிண்டர். அதன் விலை அடிக்கடி மாறுகிறது. இட்லி விலையை அப்படி மாற்ற முடியுமா? மாற்றினால், கூலிக்காரர் ஓர் இட்லியைக் குறைத்துக்கொள்வார்.

2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். நஷ்டத்தை மாநகராட்சி ஏற்றது. சின்னக் கடைக்காரரின் நஷ்டத்தை யார் ஏற்பார்கள்?

நாலு பெஞ்சு போட்ட கடைகளுக்காவது சிலிண்டர் விலையில் சலுகை வேண்டும். அது கடைக்காரருக்குத் தரும் தானம் அல்ல. உழைப்பவரின் வயிற்றுக்கு இடும் சோறு!