ஷோரூமிலிருந்து நேராக டிராக்குக்கா?

சென்ற இதழில் ஆம்பூர் நண்பர் ஒருவர் கார் பந்தயத்தைத் திருத்தக் கிளம்பியிருக்கிறார். 'ஸ்டாக் கார்' என்று பெயர் வைத்தால் ஷோரூமில் சாவி வாங்கிய கார் அப்படியே ஓட வேண்டுமாம். ஒரு திருகாணியை மாற்றினாலும் மோசடியாம். அமெரிக்காவின் நாஸ்கார் தொடங்கி நம் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரை எல்லாரும் ரசிகனை ஏமாற்றுகிறார்களாம். கடைசியில் ஒரு திட்டமும் தருகிறார்: வேலூர் அப்துல்லாபுரம் விமான ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே நம் பிள்ளைகள் அவரவர் காரைக் கொண்டுவந்து ஓட்டட்டும், சோழவரத்தின் பொற்காலம் வடஆற்காட்டில் மறுபடி பிறக்கட்டும் என்கிறார்.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு லேப் ஓட்டிப் பார்த்தவர் எழுதியதுபோல் மட்டும் இல்லை.

பொற்காலத்திலிருந்தே ஆரம்பிப்போம். ஒரு காலத்தில் எல்லாரும் யோக்கியமாகக் கடைக் காரையே ஓட்டினார்கள், பிறகு இன்ஜினீயர்கள் வந்து கெடுத்தார்கள் என்பது அவர் சொல்லும் வரலாறு. நாஸ்காரின் முதல் பெரிய பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரத்து மண் டிராக்கில் நடந்தது. பந்தய வகையின் பெயரே 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்'. நண்பர் கேட்கும் விதி, எழுத்துக்கு எழுத்து. முதலில் வந்தவர் கிளென் டனவே, ஓட்டியது 1947 ஃபோர்டு. பரிசோதனையில் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருப்பது தெரிந்தது. சாராயம் ஏற்றினாலும் கார் பின்னால் தணியாமல் நிற்பதற்குக் கடத்தல்காரர்கள் செய்யும் வேலை அது. வெற்றியைப் பிடுங்கி இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். கார் உரிமையாளர் வழக்குப் போட்டார், தோற்றார். (ஜவ்வாது மலையடிவாரத்து வாசகர்களுக்கு இந்த ஸ்பிரிங் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.) ஆக, தூய ஸ்டாக் பந்தயத்தின் ஆயுள் முதல் பந்தயத்தின் முதல் பரிசோதனை வரைக்கும்தான். பொற்காலம் ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை.

சோழவரமும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின, உண்மை. ஆனால் முன்னால் போன ஃபியட் எதுவும் கடையில் இருந்தபடி ஓடவில்லை. சிலிண்டர் ஹெட்டை இழைத்து, கார்புரேட்டரை மாற்றி, சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் வந்தார்கள். எண்பதுகளில் அதே தளத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே ஓட்டினார். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் அதைப் பார்த்து, "இது கடையில் கிடைக்காதே" என்று காறித் துப்பியதாகத் தெரியவில்லை.

இனி அவருடைய செல்ல உவமை. ஷூ கம்பெனியில் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று, பல்க்கில் போவது இன்னொன்று என்றால் கன்டெய்னர் திரும்பி வரும். கார் கம்பெனி மட்டும் டிராக்கில் ஒன்றைக் காட்டி, கடையில் வேறொன்றை விற்கலாமா என்று கேட்கிறார். தோல் ஊரில் பிறந்தவர் இப்படிக் கேட்பதுதான் எனக்கு வருத்தம். சாம்பிள் என்பது பையருக்குக் கொடுத்த வாக்கு. ரேஸ் காரைப் பார்த்து யாரும் ஆர்டர் போடுவதில்லை, ஆர்டர் போடுகிறவனுக்குத்தான் டெஸ்ட் டிரைவ் வண்டி வாசலில் நிற்கிறதே. நம் ஊரில் ஒரே கம்பெனியில் ஆபீஸ் ஷூவும் தைக்கலாம், டோ-கேப்பில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவும் தைக்கலாம். இரண்டுக்கும் தோல் ஒரே டேனரியிலிருந்தே வரலாம். ஆபீஸ் ஷூவோடு வார்ப்படச் சாலைக்குள் போ, அதுதான் நேர்மை என்று எந்த சூப்பர்வைசராவது சொல்வாரா? சொன்னால் மறுநாள் வேலையில் இருப்பாரா?

பைக் ரேஸுக்கும் இதே விதியை நீட்டிப் பார்க்கலாம். ஓட்டுகிறவன் ஒரே துண்டாய்த் தைத்த தோல் உடை போட்டுக்கொண்டுதான் டிராக்கில் இறங்க முடியும். தோல் கனம் 1.2, 1.4 மில்லிமீட்டர், நம் ஆட்களுக்கு விரலால் தொட்டாலே தெரியும் கனம்தான். அந்த உடையோடு யாரும் உமராபாத் சந்தைக்குப் போவதில்லை. சந்தைக்குப் போகும் சட்டையோடு ரேஸ் ஓட்டு என்று நண்பர் இன்னும் எழுதவில்லை. அவர் வாதத்தை இரண்டு படி ஏற்றினால் வந்து சேரும் இடம் அதுதான்.

சரி, ஒரு ஷோரூம் காரை உண்மையிலேயே டிராக்கில் இறக்குவோம். எந்தக் கார்? மக்கள் வாங்கும் கார் ஓட வேண்டும் என்கிறார். 2024இல் இந்தியாவில் அதிகம் விற்றது டாடா பஞ்ச். அடுத்து வேகன்-ஆர், எர்டிகா. நாட்டில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் இப்போது எஸ்யூவி வகை. பள்ளத்தில் தட்டாமல் போக வேண்டும் என்று தரையிலிருந்து தூக்கிக் கட்டிய வண்டிகள். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றில், முதல் வளைவில் இருபது பஞ்சும் நாலு எர்டிகாவும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு திரும்பும் காட்சியை அவர் மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தாரா? எர்டிகாவில் மூன்றாவது வரிசை சீட்டும் இருக்கிறது. திருகாணியையே மாற்றக் கூடாது என்றால் அதையும் கழற்றக் கூடாது.

நாலைந்து லேப்பில் பிரேக் போகும். வேகன்-ஆருக்கும் பஞ்சுக்கும் பின் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். ஆம்பூரிலிருந்து சென்னை வரை ஓட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நெடுஞ்சாலையில் நாம் ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் அடுத்த பத்து நிமிடம் அது ஆறுகிறது. டிராக்கில் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை முழு அழுத்து. சாதாரண டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தையில் மிதித்ததுபோல் உள்ளே போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். இதனால்தான் ரேஸ் காரில் பேட், ஆயில், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். நீண்ட வளைவில் சம்ப்புக்குள் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாய் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடித்து, பேரிங் சீஸ் ஆவது தனிக்கதை. இவை எல்லாம் நண்பர் அகராதியில் மோசடி.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அங்கே செத்தவர்கள் இருக்கிறார்கள். 1964 மே 24, சார்லட்டில் 600 மைல் பந்தயம். ஃபயர்பால் ராபர்ட்ஸ் அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம். முன்னால் நடந்த மோதலைத் தவிர்க்கப் போய் அவருடைய ஃபோர்டு சுவரில் அடித்துக் கவிழ்ந்தது, டேங்க் கிழிந்தது, தீப்பிடித்தது. தீக்காயங்களோடு ஐந்து வாரத்துக்கு மேல் போராடி ஜூலை 2 அன்று இறந்தார். அதன் பிறகுதான் கிழியாத ரப்பர்ப் பை வைத்த டேங்க் ரேஸ் கார்களுக்குள் வந்து, கட்டாயமும் ஆனது. கடையில் விற்கும் சாதாரணக் காரில் அது இல்லை, தேவையும் இல்லை. ஷோரூம் காருக்கும் ரேஸ் காருக்கும் உள்ள இடைவெளி இப்படித்தான் ஒவ்வொரு சாவாக அகண்டது. நண்பர் அதற்கு இட்ட பெயர் 'ரசிகனை ஏமாற்றும் சூழ்ச்சி'.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாஸ்காரில் ஓடும் டொயோட்டா கேம்ரிக்கும் கடைக் கேம்ரிக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. ஓடுவது 5.86 லிட்டர் வி8, பின்சக்கர இயக்கம், குழாய்ச் சட்டத்தின் மேல் போர்த்திய ஓடு. அமெரிக்காவில் இப்போது விற்பது நாலு சிலிண்டர் ஹைபிரிட். வேஷம்தான், மறுக்கவில்லை. நம்மிடமும் உண்டு: ஃபோக்ஸ்வாகன் அமியோ கடையில் சின்ன இன்ஜினோடு விற்றது, அமியோ கப் பந்தயத்தில் 1.8 லிட்டர் டர்போ, 205 குதிரைத்திறனோடு ஓடியது. ஆனால் இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. கம்பெனியே விளம்பரத்தில் போட்டுப் பீற்றிக்கொண்டது.

வேஷத்தைக் கலைக்க நண்பர் சொல்லும் மருந்து இருக்கிறதே, அது நோயைவிட மோசம். ஓடுவதை விற்க வேண்டும் என்று விதி போட்டால் கம்பெனி விற்பதை ஓட்டாது, ஓட்ட நினைப்பதை விற்கும். நாஸ்கார் விதிக்காக 1970இல் பிளிமத் சூப்பர்பேர்டு என்று ஒரு கார் தெருவுக்கு வந்தது. கூரிய மூக்கு, பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கை. இரண்டு டீலருக்கு ஒரு கார் வீதம் செய்தே ஆக வேண்டும் என்பதால் செய்தார்கள். வாங்க ஆளில்லாமல் பல மாதம் நின்றன, சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்றார்கள். இது வேடிக்கை. வேடிக்கை இல்லாதது ஆஸ்திரேலியாவில் நடந்தது. பாதர்ஸ்ட் பந்தயத்தில் கடைக் கார்தான் ஓட வேண்டும் என்று விதி. ஜெயிக்க வேண்டுமென்று ஃபோர்டும் ஹோல்டனும் கிரைஸ்லரும் போட்டி போட்டு, பால் வாங்கப் போகிறவனும் வாங்கக்கூடிய செடான்களின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1972இல் '160 மைல் வேக சூப்பர் கார்' என்று பத்திரிகைத் தலைப்பு வந்தது. மணிக்கு 257 கிலோமீட்டர். அரசுகள் கொதித்தன, கம்பெனிகள் பின்வாங்கின, ஃபோர்டின் ஃபால்கன் ஜிடிஹெச்ஓ காரின் நாலாம் பதிப்பு நாலு காரோடு நின்றது. மறு ஆண்டே பந்தய விதி மாறி, ரேஸ் காரும் கடைக் காரும் பிரிந்தன. நண்பரின் திட்டம் புதியது இல்லை, ஒரு நாடு ஓட்டிப் பார்த்துப் பயந்து நிறுத்தியது. பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே இருக்கும் நெடுஞ்சாலையில், இரவு பத்து மணிக்கு, 257 கிலோமீட்டர் போகும் கார் இருபது வயதுப் பையன் கையில் சட்டப்படி கிடைப்பதை அவர் விரும்புகிறாரா?

பந்தயத்தில் ஓடினால் கார் தேறும், ஜனங்களும் நல்ல காரை வாங்குவார்கள் என்றும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பக்கத்துப் பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபினை மறந்துவிட்டார். ஃபைபர் உடம்பு, இரண்டே கதவு, எடை குறைவு. ராலிகளிலும் பந்தயங்களிலும் பேர் எடுத்த கார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, டால்ஃபின் காணாமல் போனது. குடும்பஸ்தன் பார்த்தது நாலு கதவையும் மைலேஜையும். பாதுகாப்பான கார் வேண்டுமென்றால் அதற்கு 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை இருக்கிறது. காருக்குள் பொம்மையை வைத்துத் தடுப்பில் மோதுகிறார்கள், வாணியம்பாடிப் பையனை வைத்து இல்லை.

செலவு? ஷோரூம் கார் என்றால் ஏழையும் ஓட்டலாமாம். இந்தக் கணக்குக்கு விடை கோயம்புத்தூரில் எப்போதோ கிடைத்துவிட்டது. அங்கே பந்தயக் கார் கட்டிய எஸ். கரிவர்தன் மாருதி 800 காரைப் பார்த்தார். அதன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்துக்கொண்டார், மீதியை விட்டார். குழாய்ச் சட்டம் கட்டி, ஒற்றை சீட் வைத்து, ஃபார்முலா மாருதி என்று இறக்கினார். இன்ஜின் போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் சாமான் வாங்கலாம். மோதினால் சட்டம் தாங்கும். எல்லாருக்கும் ஒரே வண்டி என்பதால் பணக்காரன் பத்து கார் வாங்கி நல்ல இன்ஜினைப் பொறுக்கும் வேலைக்கும் இடம் குறைவு. அதில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 போனார், கருண் சந்தோக்கும் அந்த வழியாக வந்தவர்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் காட்டிய வழியில் இன்றும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார் ஸ்விஃப்ட் இன்ஜினோடு ஓடுகிறது. கடையிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் நண்பருக்கோ முழுக் காரும் வேண்டும், மூன்றாம் வரிசை சீட்டோடு.

ஏழைப் பையன் அப்பாவின் காரை அப்துல்லாபுரத்தில் மோதிவிட்டால் பணம் யார் தருவது என்பதை அவர் எழுதவில்லை. பாலிசியை எடுத்துப் பார்க்கட்டும். பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இந்தக் காப்பீடு செல்லாது என்று அச்சடித்திருக்கும். கார் கம்பெனி வாரன்டியும் அப்படித்தான். ஓடுதளமோ சுமார் 850 மீட்டர், விமான நிலைய ஆணையத்தின் சொத்து, உடான் திட்டத்துக்காகப் புதுப்பித்து விமானம் வரும் என்று ஊரே காத்திருக்கும் இடம். சோழவரம் பட்டாளம் விட்டுப்போன நிலம். இரண்டும் ஒன்று என்று எழுத ஓடுதளம் என்ற ஒற்றுமை மட்டும் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அவர் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும், ஆனால் நாஸ்கார், சோழவரம், சாம்பிள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: கவிழ்ந்தால் ஓட்டுகிறவனைக் காக்கும் இரும்புக் கூண்டு காருக்குள் போட வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் அது அவர் கேட்ட ஷோரூம் கார் இல்லை, கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், அப்துல்லாபுரத்தில் முதல் காரை ஓட்டப்போவது யார் வீட்டுப் பையன் என்பதையும் எழுதட்டும்.