தொலைக்காட்சிக்குள் நடந்து செல்லலாமா?



தொலைக்காட்சியை நாம் இதுவரை உட்கார்ந்து பார்த்தே பழகியிருக்கிறோம். அனுப்புகிறவர் அனுப்புவார், நாம் பார்ப்போம். இப்போதோ 'முப்பரிமாண மெய்நிகர் சூழல்' என்ற சொல் நம் பிள்ளைகளின் வாயில் அடிக்கடி வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் அமைய ஒரு கட்டடத்தையோ ஊரையோ கணினியில் உருவாக்கிவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தி அதனுள் நடக்கலாம், திரும்பலாம், ஒரு பொருளைச் சுழற்றியும் பார்க்கலாம். இதனை வீட்டு டிஜிட்டல் தொலைக்காட்சிக்கே கொண்டுவரும் முயற்சி கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அது எப்படி வந்தால் நம் இல்லங்களுக்கு நல்லது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 'க்யூப்' என்ற கேபிள் சேவை தொடங்கியது. ஐந்து பொத்தான்களை அழுத்தி வீட்டிலிருந்தபடியே மக்கள் பதில் சொன்னார்கள். பார்வையாளர் பங்காளராக மாறியதன் தொடக்கங்களுள் அது ஒன்று. பிறகு 1997இல், முப்பரிமாண உலகை விவரிக்கும் 'விஆர்எம்எல்' என்ற கணினி மொழி பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் கருத்தைத் தழுவி 'எம்பெக்-4' என்ற ஒளிபரப்புத் தரத்திலும் வழி செய்தார்கள். படம் முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. 'இங்கே சுவர், அங்கே கதவு' என்ற விவரத்தை அனுப்பினால் போதும், வீட்டிலுள்ள பெட்டியே அதை வரைந்துகொள்ளும் என்பது அதன் அடிப்படை.

அப்படியானால் அது ஏன் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை? பொதிகை மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையும், 2006இல் டாடா ஸ்கையும், 2007இல் சன் டைரக்டும் வந்த பிறகு, இத்தகைய ஊர்களின் மாடிகளிலும் தட்டு ஆண்டெனாக்கள் முளைத்தன. அந்தத் தட்டு வானத்திலிருந்து வாங்குமே தவிர, வானத்திற்கு எதையும் திருப்பிச் சொல்லாது. விளையாட்டு, பாடம் என்று அதில் வந்த சேவைகள் பலவும் சுற்றிச் சுற்றி வரும் டவுன் பஸ்ஸைப் போன்றவை. தகவல்கள் மீண்டும் மீண்டும் வலம் வரும். நமக்கு வேண்டியது வரும்போது பெட்டி பிடித்துக்கொள்ளும். முப்பரிமாணக் காட்சியை நொடிக்கு நொடி வரையும் ஆற்றலும் அந்தச் சிறிய பெட்டிகளுக்கு இல்லை. இன்று இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சிகள் வந்துவிட்டன. கண்ணாடியிழைக் கம்பி எட்டிய வீடுகளில், தொலைவிலுள்ள கணினி வரைந்த காட்சியும் விரைந்து வந்து சேரும். தடை பெரிதும் நீங்கியிருக்கிறது.

ஆனால் சந்தை வேறொரு திசையில் போகிறது. 2023ஆம் ஆண்டு ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா 360 பாகைக் காட்சியாகத் தந்தது. கைப்பேசியைச் செருகிக் கண்களில் மாட்டிக்கொள்ளும் கருவியையும் ஜியோ விற்றது. அக்காட்சியில் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். நடந்து போக இயலாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, மாட்டிக்கொண்டவர் எங்கே இருக்கிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்பதுதான். பத்து வயது மகன் கண்ணை மூடிய கருவிக்குள் யாரோடு விளையாடுகிறான், என்ன காண்கிறான் என்பதை உம்மா எப்படி அறிவார்?

கூடத்திலுள்ள தொலைக்காட்சியின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அது வீட்டின் பொதுப் பொருள். பிள்ளை எந்த வாசலுக்குள் நுழைகிறான் என்பதை வாப்பாவும் ராத்தாவும் காண்பார்கள்; "அந்தப் பக்கம் திரும்பு" என்று சேர்ந்து நடப்பார்கள். மெய்நிகர் உலகம் வரத்தான் போகிறது என்றால், அது கூடத்துத் திரை வழியாக வருவதே குடும்பத்திற்கு நலம்.

அதற்குள் எதை வைப்பது? நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. ஆழ்வார்குறிச்சி அருகே ஓடும் கடனாநதி தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்றின் வழியே கிழக்கே சென்றால் ஆதிச்சநல்லூர். 1876இல் அங்கே முதலில் அகழ்ந்த ஜாகர், தாம் எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த வெண்கலப் பொருள்களும் பொன் பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. 2023 ஆகஸ்டில்தான், தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும் வசதி ஆதிச்சநல்லூரில் திறக்கப்பட்டது. நம் மாணவி பெர்லினுக்குப் போக முடியுமா? ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, அப்படங்களிலிருந்தே முப்பரிமாண வடிவை உருவாக்கும் முறை இன்று எளிதாகிவிட்டது. மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பவற்றை ஒரே திரையில் ஒன்று சேர்க்கலாம். சென்னை ஐஐடியில் இத்துறைக்கென 'எக்ஸ்டிக்' என்ற ஆய்வு மையமே இயங்குகிறது. நம் கல்லூரி மாணவர்கள் இதைக் கற்க முன்வர வேண்டும். நாம் உருவாக்காவிட்டால், பிறர் உருவாக்கிய துப்பாக்கிச் சண்டைகளே அத்திரையை நிரப்பும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாதை இருவழியானால் நாம் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அப்பால் பதிவாகும். க்யூப் காலத்திலேயே இந்தக் கவலை எழுந்தது. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஒப்புதல் கேட்கும் பக்கம் திரையில் தோன்றும்போது, பிள்ளையின் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள்.

வீட்டு வாசலில் யார் வருகிறார், யார் போகிறார் என்று விசாரிக்கிறோம். திரையிலும் ஒரு வாசல் திறக்கிறது. அதையும் விசாரித்தே திறப்போம். திறந்தபின் பிள்ளைகளோடு நாமும் உள்ளே செல்வோம்.