கார்ட்டூனில் வாறவை ஏன் எங்களை மாதிரிக் கதைக்கேல்லை?



போன கிழமை தரம் 4 பிள்ளை ஒன்று கேட்டது: "ரீச்சர், கார்ட்டூன்ல வாறவை ஏன் எங்களை மாதிரிக் கதைக்கேல்லை?" சட்டென்று பதில் வரவில்லை. "புத்தகத்தைத் திற" என்று சொல்லித் தப்பிவிட்டோம். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை.

இடைவேளையில் எங்கள் பிள்ளைகள் விளையாடும்போது கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள். கதையின் வீரன் "வாங்க, போலாம்" என்பான். கள்ளனும் கிழவனும் மட்டும் "வாங்கோ, போவம்" என்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் பிரித்து வைத்துவிட்டார்கள், கெட்டிக்காரருக்கு ஒரு தமிழ், மற்றவருக்கு எழுவைதீவுத் தமிழ். எங்களுக்கு நோகிறது அதுதான்.

சென்னைத் தமிழில் ஒரு பிழையும் இல்லை. சுட்டி டிவி 2007இல் வந்தபோது எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசி ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த டோரா, இங்கே தமிழ் பேசி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்கு ஊர் மாறத் தெரிந்த பிள்ளை. எங்கள் இறங்குதுறை வரைக்கும்தான் அவள் வரவில்லை.

எங்கள் குடும்பம் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். பக்கத்துக் கடை ரீவியில் சிங்களத்தில் 'தொஸ்தர ஹொந்தஹித' போகும், மிருகங்களோடு பேசும் டாக்டர் டூலிட்டிலின் கதை. 1982இல் தொடங்கிய ரூபவாஹினிக்காக அதைச் சிங்களமாக்கியவர் டைட்டஸ் தொட்டவத்த. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல், கிராமத்துச் சிங்களத்தையும் பகிடியையும் பாட்டையும் அந்த மிருகங்களின் வாயில் வைத்தவர் அவர். எங்களுக்கு அரைவாசி விளங்காது. பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், தங்கள் வீட்டு ஆள் யாரோ உள்ளே இருந்து கதைப்பது போல. நாங்களும் சும்மா சேர்ந்து சிரிப்போம். உம்மா கேட்பா, "என்ன விளங்கினது?" ஒன்றும் இல்லை.

காசு இருந்தால்தானே இதெல்லாம் செய்யலாம் என்று சிலர் சொல்வீர்கள். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் இன்று நாட்டுக்கு நாடு வேறு வேறு பொம்மைகளோடு வருகிறது. 2020இல் கொக்ஸ் பசார் முகாம்களில் இருக்கும் ரோஹிங்கியாப் பிள்ளைகளுக்காக நூர், அஸீஸ் என்று இரட்டைப் பிள்ளைகளைச் செய்தார்கள். இருவரும் ஆறு வயது, இருவரும் கதைப்பது ரோஹிங்கியா மொழி. நாடே இல்லாத பிள்ளைக்கும் தன் வாய்மொழி பேசும் பொம்மை ஒன்று கிடைத்திருக்கிறது. கொட்டிலில் வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்த்தபோது கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் நின்றது உண்மைதான். எங்களுக்கு யாரும் வரப்போவதில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒன்று செய்து பார்த்தோம். சுவிஸ் நாட்டுக் கதையை வைத்து ஜப்பானியர் 1974இல் எடுத்த ஹைடியை போனில் போட்டு, சத்தத்தை நிறுத்தினோம். "இனி நீங்கள் கதையுங்கோ" என்றோம். முதலில் எல்லோருக்கும் வெட்கம். இரண்டு பேர் பழக்கதோஷத்தில் சென்னைத் தமிழில் தொடங்கினார்கள். பிறகு பின் வாங்கிலிலிருந்து ஒரு குரல்: "அப்பு, ஆடு கட்டையில நிக்கேல்லை, பனங்காணிப் பக்கம் போட்டுது!" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. புத்தளத்துக் கடைவாசலில் கேட்ட அதே சிரிப்பு.

பெற்றோரே, பிள்ளை தனியே போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தால், பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். நீங்களும் ஒரு பாத்திரத்துக்குக் கதையுங்கள்.

அடுத்த வெள்ளியும் செய்வோம். பீற்றரின் ஆச்சிக்கு ஒரு குரல் தேவை. வகுப்பில் எல்லோருக்கும் பல் இருக்கிறது, அந்தக் குரல் வரவில்லை. உண்மையான ஆச்சி ஒருவர் வந்தால் கதிரை போட்டு, தேத்தண்ணியும் தருவோம்.